பாலத்துக்கு அப்பால் புதுக்கிராமம், இப்பால் நம் லயம்
வாசகர் கேள்வி – பதில்

நம் மலேசியாவின் ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களையும் சீனக் குடும்பங்களையும் ஒப்பிட்டுச் சென்ற மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இடமின்மையால் நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொன்னது நியாயம் என்பதால், இம்முறை பக்கம் முழுவதையும் அந்த ஒரே விஷயத்துக்கு ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். என் தாத்தாவும் என் சீனத் தோழியின் தாத்தாவும் கப்பலில் வந்தவர்கள். இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். இன்று தோழியின் குடும்பத்துக்குப் புதுக்கிராமத்தில் சொந்த வீடு, டவுனில் உதிரிப்பாகக் கடை, அண்ணன் கணக்காய்வாளர். நாங்களோ இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறோம். "சீனன் உழைப்பான், தமிழனுக்கு உழைக்கத் தெரியாது" என்று எங்கள் உறவினர்களே சொல்கிறார்கள். உண்மைதானா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அந்தச் சொல் உங்களைச் சுட்டிருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது, ஆகவே உழைப்பிலிருந்தே தொடங்குகிறேன். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் மர வரிசையான நிரைக்குப் போய், மரம் மரமாகப் பால் வடியும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வெட்டி, நடுப்பகலில் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தொங்கவிட்டு மேடும் பள்ளமும் ஏறி இறங்கி ஸ்டோருக்கு நடந்த மனிதருக்கு உழைக்கத் தெரியாது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. உங்கள் தாத்தா உழைத்தார். அந்த உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நீங்கள் கேட்கும் ஒப்பீட்டை 1941-இலேயே நம் தொழிலாளர்கள் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் வைக்கப்பட்ட கோரிக்கைகளில் ஒன்று, சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் அதே கூலியைத் தமிழருக்கும் கொடுக்க வேண்டும் என்பது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், நிர்வாகியான துரையோ எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்க வேண்டும் என்பவையும் அப்பட்டியலில் இருந்தன. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்தச் சைக்கிள் கோரிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. கூலிக்கும் கல்விக்கும் நிகராக, சைக்கிளில் அமர்ந்தபடியே போகும் உரிமையை ஒரு மனிதன் கேட்க வேண்டியிருந்தது.

ஒரே வேலைக்கு இரண்டு கூலி வந்ததற்குக் காரணம் இனத்தின் குணத்தில் இல்லை. ஆள் சேர்த்த முறையில் இருக்கிறது. சீனர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தார்கள். தோட்டம் பேசிய விலை பிடிக்காவிட்டால் கூட்டமாகக் கிளம்பி ஈயச் சுரங்கத்துக்கோ காய்கறித் தோட்டத்துக்கோ போய்விட அவர்களுக்கு இடமிருந்தது. ஊர்ப் பெயராலும் பேச்சு வழக்காலும் அமைந்த சங்கங்கள் டவுனில் கைகொடுத்தன. அவர்களும் கடனில் கட்டுண்டு வந்தவர்கள்தான். பேராக்கின் சுரங்கங்களில் நோயில் மடிந்தவர்கள் எண்ணிலடங்கார். ஆனால் கடன் தீர்ந்த பிறகு அவர்களுக்கு முன்னால் ஒரு டவுன் இருந்தது. தோட்டத்து மேற்பார்வையாளரே ஊரில் ஆள் சேர்த்து அழைத்துவரும் கங்காணி முறையில் வந்த நம்மவருக்கு வீடு, மருந்து, பள்ளி, கோவில், மளிகை, கள்ளு எல்லாம் தோட்டத்து எல்லைக்குள்ளேயே அமைந்தன. இவ்வளவும் கிடைத்தது என்று சொல்லலாம். வெளியே போகக் காரணமே இல்லாமல் ஆக்கப்பட்டது என்றும் சொல்லலாம்.

அடுத்த திருப்பம், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலத்தில் வந்தது. 1948 ஜூன் 16 அன்று நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் பிறந்தது. கெரில்லாக்களுக்கு உணவும் ஆதரவும் போகாமல் தடுக்க 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரம் குடியிருந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், நானூற்றுக்கு மேற்பட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். அது யாருக்கும் பரிசாகக் கொடுக்கப்படவில்லை. முள்வேலி, ஊரடங்கு, வாசலில் உடற்சோதனை, அளந்து கொடுத்த அரிசி என்று அவர்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டு அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவது அறமாகாது. அதே காலத்தில் தோட்டத் தொழிலாளரும் லட்சக்கணக்கில் ஒன்றுகூட்டி வேலிக்குள் வைக்கப்பட்டார்கள். ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. புதுக்கிராமத்துக் குடும்பத்துக்கு ஒரு வீட்டு மனை கிடைத்தது. முதலில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிகக் குடியிருப்பு உரிமமாக வந்து, பிறகு பல இடங்களில் 30 ஆண்டு அல்லது அதற்கும் மேற்பட்ட குத்தகையாக மாறியது. வேலிக்குள் வைக்கப்பட்ட நம் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) மண் தோட்டத்தின் மண்ணாகவே இருந்தது.

இதை நான் கண்ணால் பார்த்தவன். என் தந்தையார் 55 வயதில் வேலை ஓய்ந்தபோது, முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு பக்கக் கடிதம் வந்தது. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். எல்லாத் தோட்டங்களிலும் அதுதான் நடைமுறை. வீட்டுக்குப் பின்னால் அம்மா வளர்த்த முருங்கையும் கறிவேப்பிலையும் அங்கேயே நின்றன. இரண்டு மாடுகளைக் கட்ட இடமில்லாததால் ஒரே வாரத்தில், வாங்க வந்தவர் கேட்ட விலைக்கு விற்றோம். சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதி டவுன் வீட்டு முன்பணத்துக்கும், மறு பகுதி அக்காவின் திருமணத்துக்கும் போய்விட்டது.

பாலத்துக்கு அப்பால் மளிகைக்கடை வைத்திருந்த சீனர் அப்பாவின் நண்பர். எங்கள் வீட்டுக் கடன் கணக்கு முழுவதும் அவரிடம் '555' என்ற சிறு குறிப்பேடு ஒன்றில், அவர் மட்டுமே படிக்கக்கூடிய எழுத்தில் இருந்தது. கணக்கு முடிக்கப் போன அன்று அவர் ஒரு பழைய பிஸ்கட் தகரத்தைத் திறந்து காட்டினார். உள்ளே ஆண்டுவாரியாக மடித்த நில வரி ரசீதுகளும், அவற்றுக்கு அடியில் வீட்டு மனையின் குத்தகைப் பத்திரமும் இருந்தன. அதை வங்கியில் அடகு வைத்துத்தான் லாரி வாங்கினேன் என்றார் அவர். அப்பா அந்தப் பத்திரத்தை இரு கைகளாலும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வழியில் ஒன்றும் பேசவில்லை.

வீட்டுப் பத்திரம் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. குடியுரிமைச் சிக்கலும் நம்மைத் தோட்டத்திலேயே பிடித்துத் தாக்கியது. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தமிழரில் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. சொந்தக் கடையில் உட்கார்ந்திருப்பவரை அந்தச் சட்டம் அவ்வளவு எளிதில் தொடாது. பெரட்டில் பெயர் கூப்பிட்டு வேலை வாங்கும் தொழிலாளியை உடனே தொடும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோதும் வேலையும் கூரையும் ஒரே நாளில் போயின. கூரை தனியாக இருந்திருந்தால், வேலை போன அன்று யோசித்து அடுத்த அடி வைக்க ஒரு திண்ணையாவது மிஞ்சியிருக்கும்.

உங்கள் தோழியின் குடும்பமும் உழைத்துத்தான் முன்னேறியிருக்கிறது. அந்த உழைப்புக்கு அடியில் ஒரு துண்டு நிலம் இருந்தது. உங்கள் குடும்பத்தின் உழைப்புக்கு அடியில் அது இல்லை. உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: புள்ளிவிவரப்படி இந்தியர் வருமானம் மலாய்க்காரரைவிட அதிகம் என்று என் மகன் சொல்கிறான். அப்படியானால் நாம் ஏழைகள் என்று கூறுவது பொய்யா?
– ஓய்வு பெற்ற மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்), கோலகங்சார்

பதில்: உங்கள் மகன் சொன்ன எண் சரி. 2019-ஆம் ஆண்டுக் குடும்ப வருமானக் கணக்கெடுப்பில் ஒரு மாதச் சராசரி வருமானம் பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரருக்கும் மற்றப் பூர்வகுடியினருக்கும்) 7,093 வெள்ளி (ரிங்கிட்), இந்தியருக்கு 8,216 வெள்ளி, சீனருக்கு 9,895 வெள்ளி. 1970-இல் தீபகற்பத்தில் மலாய்க் குடும்பத்துக்கு 172, இந்தியக் குடும்பத்துக்கு 304, சீனக் குடும்பத்துக்கு 394 வெள்ளி என்று இருந்தது. முதற்கணக்கு நாடு முழுவதற்கும் உரியது, பிந்தையது தீபகற்பத்துக்கு மட்டும் உரியது; ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது. இருந்தாலும் திசை தெரிகிறது. அன்று சீனக் குடும்பம் 100 வெள்ளி ஈட்டிய இடத்தில் இந்தியக் குடும்பம் ஏறத்தாழ 77 ஈட்டியது. அரை நூற்றாண்டு கழிந்து அது 83 ஆகியிருக்கிறது.

ஆனால் "இந்தியர்" என்ற அந்தக் கட்டத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று தலைமுறையாக ஆங்கிலம் படித்து அரசாங்க அலுவலிலும் ரயில்வேயிலும் இருந்த யாழ்ப்பாணத் தமிழர் குடும்பங்கள், மலையாளிகள், பஞ்சாபியர், குஜராத்தி வணிகர்கள், கோலாலம்பூரில் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் இருப்பவர்கள், உங்களையும் என்னையும் போல் லயத்திலிருந்து வந்தவர்கள் என எல்லோரும் ஒரே கட்டத்தில் இருக்கிறோம். மருத்துவர் ஒருவரின் வருமானத்தையும் பாதுகாவலர் ஒருவரின் வருமானத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இருவருமே நடுத்தர வர்க்கம் ஆகிவிடுவார்கள். அதோடு, நம்மவர் இன்று பெரும்பாலும் நகரத்தில் வாழ்கிறோம். கிராமத்தில் தன் நிலத்தில் வீடு கட்டி, பின்புறம் வாழையும் கோழியும் வைத்திருக்கும் குடும்பத்தின் 4,000 வெள்ளியும், அடுக்குமாடியில் வாடகையும் மோட்டார் சைக்கிள் தவணையும் கட்டும் குடும்பத்தின் 4,000 வெள்ளியும் ஒன்றல்ல.

வருமானத்தைவிட உடைமையைப் பாருங்கள் என்பதே நான் மகனுக்குச் சொல்ல விரும்புவது. நிறுவனப் பங்குடைமையில் 1970-இல் சீனரிடம் 27.2 விழுக்காடும் இந்தியரிடம் 1.1 விழுக்காடும் இருந்தன. பூமிபுத்ராக்களின் பங்கை உயர்த்த வகுத்த புதிய பொருளாதாரக் கொள்கையின் இருபது ஆண்டுகள் முடிந்த 1990-இல் சீனரின் பங்கு 45.5 ஆகவும் பூமிபுத்ராக்களின் பங்கு 2.4-லிருந்து 19.3 ஆகவும் உயர்ந்தன. நம் பங்கு 1.0 ஆகியது. சம்பளம் வாங்கும் சமூகமாக நாம் வளர்ந்திருக்கிறோம், வறுமையும் 1970-இலிருந்த 39 விழுக்காட்டிலிருந்து வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதை மறுக்கக் கூடாது. பிள்ளைக்கு விட்டுச்செல்லும் பொருளில் நாம் நின்ற இடத்திலேயே நின்றோம் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

கேள்வி: நம்மிடம் குடிதான் இருக்கிறது, ஒற்றுமையும் சேமிப்பும் இல்லை. சீனரிடம் அவை இருக்கின்றன. இதை ஏன் நீங்கள் எழுதுவதில்லை?
– ஒரு குடும்பத் தலைவி, சிம்மோர்

பதில்: அம்மா, குடியால் அழிந்த வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன், உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதை என்னால் உணர முடிகிறது. ஆனால் தோட்டத்துக்குள் உரிமம் பெற்ற கள்ளுக்கடையை வைத்தவர்கள் தொழிலாளர்கள் அல்லர். அதை மூடச் சொல்லி 1941-இல் அவர்கள் கேட்டதை மேலே எழுதியிருக்கிறேன். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை என்ற பெயரில் தோட்டத்து இளைஞர்கள் திரண்டு கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். 1947-இல் பீடோங் அருகே அப்படிப் போன கூட்டம் காவல்துறையோடு மோத நேர்ந்து, அதில் ஒரு தொழிலாளர் உயிரையும் இழந்தார். கள்ளுக்கு எதிராக உயிரைக் கொடுத்த தோட்டத் தமிழரை நம் பேச்சில் ஒருவரும் நினைவுகூர்வதில்லை என்பதே என் வருத்தம்.

ஒற்றுமைக்கும் சேமிப்புக்கும் வேறெங்கும் போக வேண்டாம், நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, தரகர்கள் அவற்றை வாங்கித் துண்டு துண்டாக விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. சுங்கை சிப்புட்டில் பிறந்து, அன்று அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்கு சேருங்கள் என்று கேட்டார். நாட்கூலி சில வெள்ளியே இருந்த காலம் அது. கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது; பிறகு வேறு பல தோட்டங்களும் வாங்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பால்வெட்டுப் பெண், கைநாட்டு வைத்து ஒரு தோட்டத்தின் பங்குதாரர் ஆனாள். சேமிக்கத் தெரியாதவர்கள் செய்கிற காரியமா இது?

சங்கம் அத்தோட்டங்களைக் காத்ததோடு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாக வீட்டு மனையையும் அன்றே பிரித்துக் கொடுத்திருக்கலாமே என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. தோட்டத்தைத் துண்டாடக் கூடாது என்பதற்காகவே பிறந்த சங்கம் அப்படி யோசிப்பது கடினம் என்பதையும் நான் அறிவேன்.

கேள்வி: பெல்டா என்ற அரசு நிலத் திட்டத்தின் குடியேற்றக்காரர்களோடு நம்மை ஏன் ஒப்பிடுவதில்லை?
– கல்லூரி மாணவர், ரவூப்

பதில்: ஒப்பிடத்தான் வேண்டும். அவர்களும் ரப்பரும் செம்பனையும் நட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர், சிறு தொகையில் மற்ற இனத்தவரும் உண்டு. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள லூரா பீலூட்டில்தான் முதற்குடியேற்றம் நடந்தது. 1956-இல் தொடங்கிய பெல்டா மொத்தம் 1,12,635 குடியேற்றக்காரர்களைச் சேர்த்து, வீட்டு மனையும் ஏறத்தாழ பத்து ஏக்கர் பயிர்நிலமும் கொடுத்தது. கடனும் விலை வீழ்ச்சியும் அவர்களை வாட்டியிருக்கின்றன, எல்லோரும் செல்வந்தராகிவிடவில்லை. எனினும் ஒரே மரத்தை வெட்டிய இருவரில் ஒருவர் நிலத்தை மகனுக்கு எழுதி வைக்கிறார், மற்றவர் லயத்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறார். பெல்டாவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஏழைக்கு நிலம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை இந்த நாடே செய்து காட்டியிருக்கிறது.

கேள்வி: சீனப் பள்ளிகள் ஓங்கி நிற்கின்றன, நம் பள்ளிகளில் மாணவர் குறைகிறார்கள். பெற்றோர் சங்கத்தில் இருக்கும் நாங்கள் என்ன செய்யலாம்?
– தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: இங்கும் முதலில் மண்ணைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல இடங்களில் ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும்தான் பள்ளியாக இருந்தன. பிள்ளை ஆறாம் வகுப்போடு நிரைக்குப் போகும் என்பது எழுதப்படாத ஏற்பாடு. சீனர் டவுனில் பள்ளி வாரியம் அமைத்து, தாமே நிலம் வாங்கி, கடைக்குக் கடை நன்கொடை திரட்டி இடைநிலைக் கல்வி வரை கொண்டுபோனார்கள். அறுபதுக்கு மேற்பட்ட சீனத் தனியார் இடைநிலைப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. தமிழில் ஒன்றுகூட இல்லை. நம் பிள்ளை ஆறாண்டு தமிழில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப் பள்ளிக்குப் போய், புகுமுக வகுப்பிலோ முதலாம் படிவத்திலோ புதிதாகத் தொடங்குகிறது. அந்த இரண்டு ஆண்டுகளில்தான் பலர் கழன்றுவிடுகிறார்கள்.

நாட்டிலுள்ள ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பான்மையானவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாக இருப்பதற்குக் காரணம், பள்ளி நிற்கும் நிலம் அரசுடையதாக இல்லாமல் தோட்டத்துக்கோ தனியாருக்கோ உரியதாக இருப்பதுதான். நிலம் கைமாறினால் பள்ளிக்கும் லயத்து வீட்டின் கதி நேரலாம். ஆகவே உங்கள் அடுத்த கூட்டத்தில் விளையாட்டுப் போட்டிக்கு முன்பாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்: பள்ளி நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடல் நகல் எடுங்கள், தோட்டத்தின் பெயரில் இருந்தால், பள்ளிக்குரிய பரப்பைத் தனிப் பட்டாவாகப் பிரித்துத் தரும்படி வாரியத்தின் பெயரில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள், கடிதத்தின் நகலை மாநிலக் கல்வி இலாகாவுக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். பல மாதம் இழுக்கும், சில ஆண்டுகள்கூட இழுக்கலாம். ஒவ்வொரு கடிதத்துக்கும் பெறுகைச் சீட்டு வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள். தலைவர் மாறினாலும் அந்தக் கோப்பு மாறாமல் பள்ளியிலேயே இருக்கட்டும்.

ஆறாம் ஆண்டு முடித்துப் போகும் பிள்ளைகளுக்கு மலாய், கணிதப் பாடங்களை வாரத்தில் இரண்டு மாலைகள் நடத்த, உங்கள் பள்ளியில் படித்து இன்று ஆசிரியராக இருக்கும் நான்கு பேரை அழையுங்கள். இடம் வேண்டுமென்றால் கோவில் மண்டபத்தைக் கேளுங்கள். முதலாண்டு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை பேர் தொடர்ந்தார்கள் என்று எனக்கு எழுதினால் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.